அடுப்பங்கரையில் நடந்த அறப்போர்

அமெரிக்காவின் தென்பகுதியில், அலபாமா மாகாணத்தில் மான்ட்கோமரி என்று ஒரு நகரம். 1955-ஆம் வருஷம் அக்டோபர் மாதம். ஜார்ஜியா கில்மோர் என்ற கறுப்பினப் பெண்மணி ஒரு பஸ்ஸில் ஏறிக் கட்டணத்தைச் செலுத்தினார். "இறங்கிப் பின்வாசல் வழியாக வா" என்று அதட்டினார் வெள்ளைக்கார டிரைவர். அங்கே அது சர்வ சாதாரணம். அம்மாளும் இறங்கினார். ஆனால் பின்வாசலை அடைவதற்குள் பஸ் கிளம்பிப் போய்விட்டது! காசும் போய், மானமும் போய், கால்நடையாக வீடு திரும்பிய அந்த அம்மாள், இனி பஸ் ஏறுவதில்லை என்று அன்றே தீர்மானித்தார்.

இரண்டு மாதத்துக்குள் ஊரே அந்தத் தீர்மானத்துக்கு வந்தது. டிசம்பர் 1-ஆம் தேதி, வெள்ளையருக்கு இடம் விட மறுத்த ரோஸா பார்க்ஸ் கைதானார். 5-ஆம் தேதி முதல் கறுப்பின மக்கள் பஸ்களைப் பகிஷ்கரித்தார்கள். தலைமை தாங்கியவர் 26 வயதுப் பாதிரியார் மார்ட்டின் லூதர் கிங்.

பலர் நடந்தார்கள். நடக்க முடியாதவர்களை ஏற்றிச் செல்லச் சுமார் 300 கார்கள் ஓடின. பெட்ரோலுக்குப் பணம் வேண்டாமா?

ஜார்ஜியா அம்மாள் கைதேர்ந்த சமையற்காரர். சிநேகிதிகளைக் கூட்டினார். கோழி வறுவல், கேக், சர்க்கரைவள்ளிக் கிழங்குப் பணியாரம் எல்லாம் வீடுகளில் தயாராயின. சலவைக் கடைகளிலும் அழகு நிலையங்களிலும் விற்பனையாயின. வெள்ளையர்களும் வாங்கினார்கள், தங்கள் காசு எங்கே போகிறது என்று அறியாமலே!

சமைத்தவர்களில் பலர் வெள்ளையர் வீட்டு வேலைக்காரிகள். பெயர் வெளிவந்தால் பிழைப்புப் போய்விடும். ஆகவே கணக்கு அம்மாளின் நெஞ்சுக்குள்ளேயே இருந்தது. பணம் எங்கிருந்து வந்தது என்று யாராவது கேட்டால், 'எங்கிருந்தும் இல்லை' என்பதே பதில். சங்கத்தின் பெயரும் அதுதான்: 'எங்கிருந்தும் வராதவர்கள் சங்கம்'!

மற்றவர்களை மறைத்த அம்மாள் தம்மை மறைத்துக்கொள்ளவில்லை. 1956 மார்ச்சில் கிங் மீது வழக்கு நடந்தபோது, கோர்ட்டில் ஏறித் தம் பஸ் கதையைச் சொன்னார். வேலை போயிற்று. "வீட்டிலேயே சமைத்து விற்கலாமே" என்று ஊக்கினார் கிங். அவர் வீடே சாப்பாட்டு விடுதியாயிற்று.

381 நாட்களுக்குப் பிறகு, 1956 டிசம்பரில், சுப்ரீம் கோர்ட் தீர்ப்பால் பஸ்களில் நிறபேதம் ஒழிந்தது.

1990-ல், ஸெல்மா யாத்திரையின் 25-வது ஆண்டு நினைவுக்கு வருகிறவர்களுக்காகச் சமைத்துக்கொண்டிருந்த சமயம் அம்மாள் காலமானார். துக்கத்துக்கு வந்தவர்களுக்குப் பரிமாறப்பட்டது அந்தக் கையால் சமைத்த உணவேதான்.