முதல்ல பிரேக்… அப்புறம்தான் பெயிண்ட்!
(பழைய ஜீப்பை வீட்டிலேயே புதுப்பிப்பது எப்படி?)



நம்ம கம்பம் பள்ளத்தாக்குல பிறந்துட்டு ஜீப்பைப் பார்க்காதவங்க யாரும் இருக்க முடியாது. விடியக்காலையில கம்பம், கூடலூர், உத்தமபாளையம், போடின்னு எந்த ஊர் முக்குல நின்னாலும், தூக்குச்சட்டியோட ஆட்களை ஏத்திக்கிட்டு ஏலத்தோட்டத்துக்குப் போற ஜீப்புகளைப் பார்க்கலாம். கம்பம்மெட்டு, குமுளி, போடிமெட்டு ஆகிய மூன்று பாதைகளிலும் அவை மலையேறி இடுக்கி மாவட்டத்துக்குள் போகின்றன. நம்ம வகுப்பிலேயே பல பேரோட அம்மா அப்படித்தான் வேலைக்குப் போறாங்க. எங்க அம்மாவும்தான்.

எங்க சித்தப்பா கம்பம்மெட்டுக்கு மேலே கொஞ்சம் ஏலத்தோட்டம் குத்தகைக்குப் பார்க்கிறார். அவரிடம் 1987 மாடல் மஹிந்திரா எம்.எம். 540 டீசல் ஜீப் ஒன்று, மாட்டுத் தொழுவத்துல பல வருஷமா சும்மா நின்னுச்சு. "எடைக்குப் போட்டுரலாம்"னு வீட்ல பேச்சு வந்தது. சித்தப்பா மட்டும் "இதை நானே சரி பண்றேன்"னு ஒத்தக்கால்ல நின்னார். போன கோடை விடுமுறை முழுக்க நான் அவருக்கு ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கிற ஆளா இருந்தேன். அப்போது தெரிந்துகொண்டதை உங்களோடு பகிர்ந்துகொள்ளவே இந்தக் கட்டுரை.

★ ஜீப் பிறந்த கதை

இரண்டாம் உலகப் போர் சமயத்துல, 1940-ஆம் ஆண்டு, அமெரிக்க ராணுவம் மேடு பள்ளம் எங்கேயும் போகிற சின்ன வண்டி ஒன்று வேண்டும் என்று கேட்டது. பேண்டம் என்ற சிறிய கம்பெனி முதல் மாதிரி வண்டியை 49 நாட்களில் செய்து கொடுத்தது. பிறகு வில்லீஸ், ஃபோர்டு ஆகிய இரண்டு கம்பெனிகளும் சேர்ந்து போர் முடிவதற்குள் 6 லட்சத்துக்கும் மேற்பட்ட ஜீப்புகளைத் தயாரித்தன.

நம் நாட்டில் 1945-இல் தொடங்கிய நிறுவனம் ஒன்று, 1948-இல் மஹிந்திரா அண்டு மஹிந்திரா என்று பெயர் மாறியது. 1949-இல் பம்பாயில் உள்ள மஸகான் என்ற இடத்தில் முதல் வில்லீஸ் ஜீப்பை இங்கேயே பூட்டி முடித்தார்கள். அன்று வந்தவை பெட்ரோல் வண்டிகள். டீசல் ஜீப்புகள் பிறகு வந்தன. எங்க எம்.எம். 540-இல் இருப்பது பிரான்ஸ் நாட்டு பெஜோ கம்பெனியின் வடிவமைப்பில் செய்த 2112 சி.சி. டீசல் என்ஜின். மலைப்பாதையில் மெதுவாக, விடாமல் இழுக்கும்.

★ எதை முதலில் செய்வது?

வேலை தொடங்கும் முன்னாடியே வீட்ல பெரிய வாக்குவாதம். அண்ணன், "நல்ல மிலிட்டரி பச்சை அடிச்சு, அகல டயர் போட்டு, முன்னாடி வரிசையா எல்.இ.டி. லைட் மாட்டுவோம்"னு சொன்னான். சித்தப்பாவுக்கு என்ஜினை முதல்ல ஸ்டார்ட் பண்ணிப் பார்க்கணும்னு ஆசை. எங்க அம்மா ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாங்க: "கலரு என்னத்துக்குடா? மெட்டுல இறங்கும்போது நிக்குமான்னு பாருங்க."

அதுக்கு அப்புறம் யாரும் பேசல. ஏன்னா அந்த ஜீப்புல தினமும் ஏறப்போறது அம்மாவும், அவங்களோட வேலை பார்க்கிற நாலு பேரும்தான். சித்தப்பா ஒரு நோட்டில் இப்படி எழுதினார்:

1. நிற்க வேண்டும் (பிரேக்)
2. திரும்ப வேண்டும் (ஸ்டியரிங், பட்டை, டயர்)
3. தெரிய வேண்டும் (லைட், வைப்பர்)
4. ஓட வேண்டும் (என்ஜின்)
5. அழகாக வேண்டும் (டிங்கரிங், பெயிண்ட்)

கையில் இருந்த பணத்தில் பாதிக்கு மேல் முதல் இரண்டுக்கே போய்விட்டது. பழைய வண்டி புதுப்பிக்கிற எல்லோருக்கும் இந்த வரிசை உதவும் என்று நினைக்கிறேன்.

★ இறங்கும்போது என்ன நடக்கிறது?

இது நம்ம இயற்பியல் பாடம்தான். மலை மேலே நிற்கிற வண்டிக்கு நிலை ஆற்றல் உண்டு. ஆட்களோடு சேர்த்து 1800 கிலோ எடையுள்ள ஜீப் ஒன்று 500 மீட்டர் உயரம் கீழே இறங்குவதாக வைத்துக்கொள்வோம். நிறை × 9.8 × உயரம் என்று பெருக்கினால் சுமார் 88 லட்சம் ஜூல் வருகிறது. இந்த வெப்பத்தைக் கொண்டு 30 டிகிரியில் இருக்கும் 30 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரலாம்! ரெண்டு பெரிய குடம் தண்ணி!

இவ்வளவு ஆற்றலும் எங்கேயாவது போய்த்தானே ஆகணும்? கொஞ்சம் காற்றுத் தடையில் போகும். கியரில் இறங்கினால் நல்ல பங்கை என்ஜின் வாங்கிக்கொள்ளும். நியூட்ரலில் விட்டால் கிட்டத்தட்ட மொத்தமும் பிரேக் டிரம்மில்தான் வெப்பமாக இறங்கும். டிரம் சூடேறினால் லைனிங்கின் பிடிப்பு குறையும். பிரேக் ஆயில் கொதித்தால் குழாய்க்குள் ஆவிக் குமிழி உண்டாகும். திரவத்தை அழுத்திச் சுருக்க முடியாது, ஆனால் ஆவியைச் சுருக்கலாம். அப்போது பெடலை மிதித்தால் பஞ்சு மாதிரி உள்ளே போகும், வண்டி நிற்காது.

இதனால்தான் பெரிய டிரைவர்கள், "ஏறின கியர்லதான் இறங்கணும்"னு சொல்வாங்க. டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறங்குவது உயிரோடு விளையாடுவது.

★ பிரேக்கில் நாங்கள் செய்தவை

9-ஆம் வகுப்பில் பாஸ்கல் விதி படித்தோம் அல்லவா? அடைபட்ட திரவத்தில் கொடுக்கும் அழுத்தம் எல்லாப் பக்கமும் சமமாகப் பரவும். பெடலை மிதிக்கும்போது மாஸ்டர் சிலிண்டரில் உண்டாகும் அழுத்தம் குழாய் வழியாக நாலு சக்கரத்துக்கும் போகிறது. எங்க வண்டியில் இருந்தது ஒற்றை அறை மாஸ்டர் சிலிண்டர். அதில் என்ன ஆபத்து என்றால், ஏதாவது ஒரு சக்கரத்தில் ஆயில் ஒழுகினாலும் மொத்த அழுத்தமும் போய்விடும், நாலு பிரேக்கும் ஒரே நேரத்தில் போய்விடும்.

● நாலு டிரம்மையும் கழற்றினோம். பின்பக்கம் ஒரு சக்கரத்தில் சிலிண்டர் ரப்பர் போய், லைனிங் முழுக்க ஆயில் ஊறியிருந்தது. நாலு சிலிண்டரையும் லைனிங்கையும் மாற்றினோம். வரி விழுந்திருந்த டிரம்களை லேத்தில் கொடுத்துச் சீராக்கினோம். ஓரளவுக்கு மேல் தேய்ந்த டிரம்மைக் கடையக் கூடாது, மாற்றத்தான் வேண்டும்.

● ஒற்றை அறைக்குப் பதில் இரட்டை அறை மாஸ்டர் சிலிண்டர் பொருத்தினோம். மெக்கானிக்குகள் இதை 'டேண்டம்' என்பார்கள். முன் சக்கரங்களுக்கு ஓர் அறை, பின் சக்கரங்களுக்கு ஓர் அறை. ஒன்று போனாலும் இன்னொன்று கை கொடுக்கும். நாங்க செய்ததிலேயே முக்கியமான மேம்பாடு இதுதான்.

● மிதிப்பு லேசாக இருக்க வேக்குவம் பூஸ்டர் வைத்தோம். பெட்ரோல் என்ஜின் காற்றை உறிஞ்சும் குழாயிலேயே வெற்றிடம் கிடைக்கும். டீசல் என்ஜினில் அது கிடைக்காது. அதனால் பின்னால் வேக்குவம் பம்ப் சேர்ந்த ஆல்டர்னேட்டர் ஒன்றைப் பொருத்தினோம். ஒரு விஷயம்: ஓடும்போது என்ஜினை அணைத்தால் பம்ப்பும் நின்றுவிடும். ஒன்றிரண்டு மிதிக்குப் பிறகு பெடல் கல்லு மாதிரி இறுகிவிடும். எனவே இறக்கத்தில் சாவியைத் திருப்பவே கூடாது.

● துருப்பிடித்த இரும்புக் குழாய்கள், வெடிப்பு விட்ட ரப்பர் ஹோஸ்கள் எல்லாம் மாற்றினோம். புது பிரேக் ஆயில் ஊற்றி, மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரமான இடது பின் சக்கரத்தில் தொடங்கி வரிசையாக ஏர் எடுத்தோம். பெடல் மிதிக்கிற வேலை என்னுடையது!

பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். டாட் 3 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது கொதிநிலை குறைந்தது 205 டிகிரி. ஈரம் சேர்ந்தபின் அது 140 டிகிரி வரை இறங்கலாம். டாட் 4 வகைக்கு இவை 230, 155. ஆகவே ஆயில் அளவு குறையாவிட்டாலும் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றுவது நல்லது.

★ மற்ற வேலைகள்

ஸ்டியரிங்: டை ராடு முனைகள் தேய்ந்து, ஸ்டியரிங் நாலு விரற்கடை சும்மாவே ஆடியது. அவற்றையும், கமான் பட்டையின் புஷ்களையும் மாற்றினோம். முறிந்த பட்டை ஒன்றை எடுத்துவிட்டுப் புதிது வைத்தோம்.

லைட்: பழைய ஒயர் வழியாகப் போகும்போது மின்சாரம் குறைந்து விளக்கு மங்கும். ரிலே வைத்து பேட்டரியிலிருந்து நேராக மின்சாரம் கொடுத்ததும் அதே பல்பு பளிச்சென்று எரிந்தது. அண்ணன் கேட்ட வரிசை எல்.இ.டி. வேண்டாம் என்று முடிவானது. மெட்டில் மூடுபனி இறங்கும்போது அந்த வெள்ளை வெளிச்சம் நம்ம கண்ணுக்கே திரும்பி அடிக்கும், எதிரே வர்றவருக்கும் கண் கூசும்.

என்ஜின்: இன்ஜெக்டர்களைப் பம்ப் கடையில் சோதித்தோம். ரேடியேட்டரைக் கழுவினோம். ஹீட்டர் பிளக், பெல்ட், ஃபில்டர் மாற்றினோம். புகையைப் பார்த்தே நோயைச் சொல்லலாம் என்று அப்போதுதான் தெரிந்தது. கறுப்புப் புகை என்றால் டீசல் அதிகம் அல்லது காற்று போதவில்லை. நீலப் புகை என்றால் என்ஜின் ஆயில் எரிகிறது. வெள்ளைப் புகை தொடர்ந்து வந்தால் டீசல் சரியாக எரியவில்லை, அல்லது தண்ணீர் உள்ளே போகிறது.

பாடி: துருவின் மேல் பட்டி வைத்துப் பெயிண்ட் அடித்தால் ஒரே மழைக்காலத்தில் கொப்பளித்துவிடும். துருப்பிடித்த தகட்டை வெட்டி, புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்து, ரெட் ஆக்சைடு அடித்த பிறகே பட்டியும் பெயிண்ட்டும். கடைசியில் அண்ணன் கேட்ட பச்சை நிறமே அடித்தோம். ஆர்.சி. புத்தகத்திலும் அதே நிறம்தான் இருந்தது!

★ எதை மாற்றக் கூடாது?

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம், பிரிவு 52-இன்படி, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரம் மாறும்படி வண்டியை நம் இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. என்ஜின் மாற்றுவதென்றால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் முறைப்படி அனுமதி வாங்க வேண்டும். வேறு எந்த மாற்றமானாலும் செய்யும் முன் அங்கே கேட்டுக்கொள்வது நல்லது. சொந்த உபயோக வண்டிக்கு 15 வருஷம் முடிந்ததும் தகுதி பார்த்து 5 வருஷத்துக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும்.

50 வயது தாண்டிய வண்டிகளுக்கு 2021-இல் தனி விதி வந்தது. அவற்றை 'விண்டேஜ்' என்று பதிவு செய்து, 'வி.ஏ.' என்ற எழுத்துகளோடு தனி நம்பர் வாங்கலாம். ஆனால் அவற்றைத் தினசரி ஓட்டத்துக்கோ வாடகைக்கோ பயன்படுத்தக் கூடாது. கோவையில் 2015-இல் திறந்த ஜி.டி. கார் அருங்காட்சியகத்துக்குப் போனால் அப்படிப்பட்ட பழைய கார்களைப் பார்க்கலாம். பார்வைக்கு வைக்கும் வண்டியில் எல்லாம் பழையபடியே இருப்பது அழகு. ஆனால் மெட்டு ஏறி இறங்கும் வண்டியில் பிரேக்கும் பழையபடியே இருக்கணும்னு ஆசைப்படலாமா? நீங்களே சொல்லுங்கள்.

★ வீட்டில் வேலை செய்யும்போது கவனம்!

• ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகாதீர்கள். கெட்டியான ஸ்டாண்டு வைத்து, மற்ற சக்கரங்களுக்குக் கட்டை கொடுங்கள்.
• பழைய பிரேக் லைனிங்கில் கல்நார் இருக்கலாம். அந்தத் தூசியை வாயால் ஊதக் கூடாது, ஏர் அடிக்கவும் கூடாது. ஈரத்துணியால் துடையுங்கள்.
• வெல்டிங் வைக்கும் முன் பேட்டரி ஒயரைக் கழற்றுங்கள். டீசல் டாங்கியைத் தள்ளி வையுங்கள்.
• பிரேக் வேலையை அனுபவம் உள்ள மெக்கானிக் ஒருவர் கடைசியாகப் பார்த்து, ஓட்டிச் சோதித்த பிறகே ஆள் ஏற்ற வேண்டும். நாங்களும் அப்படியே செய்தோம்.

┌ உங்களுக்குத் தெரியுமா? ┐
✓ போர்க்கால ஜீப்பின் முன் கிரில்லில் 9 இடைவெளிகள். பொதுமக்களுக்கு வந்த ஜீப்பில் 7.
✓ பழைய ஜீப்பின் ஹேண்ட் பிரேக் சக்கரத்தில் இல்லை. கியர் பெட்டிக்குப் பின்னால், ஜாயிண்ட் சுற்றும் இடத்தில் இருக்கிறது. அதனால் மேட்டில் நிறுத்தினால் சக்கரத்துக்குக் கல்லோ கட்டையோ கொடுப்பது அவசியம்.
✓ போடிமெட்டுப் பாதையில் 17 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன.

★ தோழர்களே, ஒரு வேண்டுகோள்

எல்லார் வீட்டிலும் பழைய ஜீப் இருக்காது. ஆனால் எல்லார் வீட்டிலிருந்தும் யாராவது ஜீப்பில் போகிறார்கள். நல்ல பிரேக் உள்ள வண்டியிலும் அளவுக்கு மேல் ஆள் ஏறினால் நான் மேலே போட்ட கணக்கு மாறிவிடும். எடை இரண்டு மடங்கானால் பிரேக் தாங்க வேண்டிய வெப்பமும் இரண்டு மடங்கு. ஆர்.சி. புத்தகத்தில் எத்தனை பேர் என்று இருக்கிறதோ, அத்தனை பேருக்குத்தான் அந்த பிரேக்.

இன்று வீட்டுக்குப் போனதும் அம்மாவிடம் மூன்று கேள்வி கேளுங்கள். போகிற வண்டியில் டயர் மொட்டையாக இருக்கிறதா? சக்கரத்தின் உள்பக்கம் ஆயில் ஒழுகிய கறை தெரிகிறதா? இறக்கத்தில் டிரைவர் கியரில் இறக்குகிறாரா, நியூட்ரலில் விடுகிறாரா? முதல் இரண்டில் ஒன்றுக்காவது 'ஆமாம்' என்றாலோ, 'நியூட்ரல்ல விடுறாரு' என்றாலோ, "இந்த வண்டியில ஏறாதீங்கம்மா"ன்னு சொல்ல நமக்கு உரிமை இருக்கு. ஒருநாள் கூலி போனாலும் மறுநாள் சம்பாதிக்கலாம்.

எங்க ஜீப் இப்போ வாரத்துக்கு ஆறு நாள் மெட்டு ஏறி இறங்குது. சந்தேகம் இருந்தால் மதிய இடைவேளையில் என்னை வந்து கேளுங்கள். தெரிந்ததைச் சொல்கிறேன், தெரியாததைச் சித்தப்பாவிடம் கேட்டுச் சொல்கிறேன்.

 

– 11-ஆம் வகுப்பு, 'ஆ' பிரிவு மாணவன்