பழைய கீபோர்டு போனுக்குப் புது சாஃப்ட்வேர்: எந்த போனில் முடியும், எதில் முடியாது?

ஒருகாலத்தில் குவர்ட்டி கீபோர்டு போன் கையில் இருந்தாலே கெத்து. அந்த போன் இன்னும் வீட்டு அலமாரியில் கிடக்குதா? எடைக்குப் போடுவதற்கு முன், புது சாஃப்ட்வேர் போட்டு ஓட்ட முடியுமான்னு பார்த்துடலாம்.

கஸ்டம் ஃபர்ம்வேர்னா என்ன?

விழுப்புரத்திலோ திண்டிவனத்திலோ சர்வீஸ் கடையில் ‘சாஃப்ட்வேர் போடணும்’ என்று போனைக் கொடுத்தால், பொதுவாக கம்பெனியின் அதே சாஃப்ட்வேரைத்தான் திரும்ப ஏற்றுவார்கள். கஸ்டம் ஃபர்ம்வேர் வேற. கம்பெனி கைவிட்ட போனுக்கு, வெளியில் இருக்கும் புரோகிராமர்கள் உருவாக்கிய சிஸ்டம் அது.

எல்லா போனிலும் முடியுமா?

முடியாது. போனை ஆன் செய்ததும் முதலில் ஓடும் சின்ன புரோகிராம்தான் பூட்லோடர். அது பூட்டியிருந்தால் கம்பெனி சாஃப்ட்வேர் தவிர வேறெதையும் உள்ளே விடாது.

பிளாக்பெர்ரி இதற்கு உதாரணம். 2022 ஜனவரி 4-ம் தேதி தன் பழைய போன்களுக்கான சேவைகளை அந்நிறுவனம் நிறுத்தியது. ‘அழைப்பு, மெசேஜ்கூட ஒழுங்காக வேலை செய்யும் என்று சொல்ல முடியாது’ என்றும் முன்பே அறிவித்துவிட்டது. பூட்லோடர் பூட்டியிருப்பதால் வேறு சிஸ்டம் போடவும் வழியில்லை.

நேர்மாறானது 2009-ல் வந்த நோக்கியா என்900. லினக்ஸ் அடிப்படையிலான மீமோ 5 சிஸ்டம், 256 எம்பி ரேம், 32 ஜிபி மெமரி. நோக்கியா கைவிட்ட பிறகும், ‘மீமோ லெஸ்டே’, ‘போஸ்ட்மார்க்கெட்ஓஎஸ்’ என இரண்டு திட்டங்கள் இதற்குப் புது சிஸ்டம் தருகின்றன. காரணம், திறந்த பூட்லோடர்.

எப்படிப் போடுவது?

1. காண்டாக்ட், போட்டோ, மெசேஜ் எல்லாவற்றையும் கம்ப்யூட்டருக்கு மாற்றுங்கள். இதை விட்டால் பிறகு திரும்பக் கிடைக்காமல் போகலாம்.
2. பேட்டரியை முழுசா சார்ஜ் செய்யுங்கள். உப்பியிருந்தால் மாற்றியே ஆகணும். என்900-க்கான பிஎல்-5ஜே பேட்டரிதான் நோக்கியா 5233, லூமியா 520-லும் இருந்தது. எனவே சின்ன ஊர்க் கடையிலும் கேட்டுப் பார்க்கலாம்.
3. உங்கள் மாடலுக்கான ஃபைலை மட்டும் டவுன்லோடு செய்து, மெமரி கார்டில் எழுதுங்கள்.
4. யுஎஸ்பி வழியாக ‘யூ-பூட்’ என்ற பூட்லோடரை ஏற்றினால், புது சிஸ்டம் கார்டிலிருந்தே ஓடும். உள்ளே இருக்கும் பழைய மீமோவை அழிக்க வேண்டியதில்லை.

என்900-ன் யுஎஸ்பி போர்ட் லேசில் பிய்ந்து வரக்கூடியது. கேபிளை ஆட்டாதீர்கள். கரன்ட் போனாலும் பாதியில் நிற்காத லேப்டாப்பில் வேலையைச் செய்வது நல்லது.

போட்ட பிறகு என்ன கிடைக்கும்?

புது சாஃப்ட்வேர், பழைய ரேடியோ சிப்பை மாற்றாது. என்900-ல் 2ஜி, 3ஜி மட்டும்தான். 4ஜி, 5ஜி-யில் மட்டும் இயங்கும் ஜியோ சிம் இதில் எடுக்காது. ஏர்டெல் 3ஜி-யை நிறுத்திவிட்டதால் அந்த சிம்முக்கு 2ஜி மட்டுமே. ஜிபே, போன்பே ஓடாது. ரேம் குறைவு என்பதால் வேகமும் எதிர்பார்க்க முடியாது.

ஆனால் வைஃபை இருந்தால் லினக்ஸ் கமாண்ட் பழக, குறிப்பு எழுத, பாட்டு கேட்க, ஆபீஸ் சர்வருக்குள் லாகின் செய்ய இது போதும். அன்றாட போனாக நினைத்தால் ஏமாற்றம்தான். கையடக்க லினக்ஸ் கம்ப்யூட்டராக நினைத்தால், கூடுதல் செலவு ஒரு பேட்டரியும் மெமரி கார்டும்தான்.

அடுத்த போன் வாங்கும்போதும் கேமரா, ரேம் கூடவே ஒரு கேள்வி கேளுங்கள்: ‘இதோட பூட்லோடரைத் திறக்க கம்பெனி அனுமதிக்குதா?’ அப்டேட் நின்ற பிறகும் அந்த போன் உங்களுக்குப் பயன்படுமா என்பதை முடிவு செய்வது அதுதான்.