மலையிறங்கும் தாயும் மலைமேல் காத்திருக்கும் பிள்ளைகளும்

 

பழனி மலைத்தொடரில் ஏறத்தாழ 7,000 அடி உயரத்தில் உள்ளது கொடைக்கானல். அங்கும், அதற்கப்பால் பூம்பாறை, மன்னவனூர் போன்ற ஊர்களிலும் ஒரு தாய்க்குப் புற்றுநோய் என்று தெரியவந்தால், அக்குடும்பம் முதலில் சந்திப்பது பிரிவைத்தான். காய்ச்சலுக்கும் பிரசவத்திற்கும் மலையிலேயே மருத்துவம் உண்டு. கதிர்வீச்சுச் சிகிச்சைக்கோ வத்தலக்குண்டு வழியாக மலையிறங்கி, ஏறத்தாழ 120 கிலோமீட்டர் தொலைவிலுள்ள மதுரைக்குச் செல்ல வேண்டும். பாலரெங்காபுரத்தில் அரசின் மண்டலப் புற்றுநோய் சிகிச்சை மையம் இருக்கிறது. சிலர் சென்னை அடையாறுக்கும் செல்கின்றனர்.

கதிர்வீச்சு பெரும்பாலும் வாரத்திற்கு ஐந்து நாட்கள் வீதம் பல வாரங்கள் தொடரும். ஒவ்வொரு முறையும் அது சில நிமிடங்களில் முடிந்துவிடும். எனினும் அந்தச் சில நிமிடங்களுக்காக நாள்தோறும் மலைப்பாதையில் இறங்கி ஏற நோயாளியின் உடல் இடங்கொடாது. ஆகவே தாய் சமவெளியில் தங்குகிறாள்; பிள்ளைகள் மலையில் இருக்கின்றனர்.

இந்நிலையில் நம் குடும்பங்கள் பெரும்பாலும் செய்வது என்ன? பிள்ளையிடம் உண்மையை மறைப்பதுதான். “அம்மா ஊருக்குப் போயிருக்கிறாள், நாளைக்கு வந்துவிடுவாள்” என்கிறார்கள். நாளை வருகிறது, அம்மா வருவதில்லை. அடுப்படியில் பெரியவர்கள் தாழ்ந்த குரலில் பேசுவதும், தான் நுழைந்ததும் பேச்சு நின்றுபோவதும் நான்கு வயதுப் பிள்ளைக்கும் விளங்கும். மூன்று முதல் ஆறு வயதுவரை உள்ள பிள்ளைகள் நடப்பவற்றுக்கெல்லாம் தம்மையே காரணமாக எண்ணும் இயல்பினர். ‘நான் அடம்பிடித்தேன், அதனால்தான் அம்மா போய்விட்டாள்’ என்று ஒரு குழந்தை மனத்திற்குள் முடிவு செய்துகொண்டால், அதை வெளியே சொல்லவும் அதற்குத் தெரியாது. இரவில் படுக்கையை நனைக்கும், சோற்றைத் தள்ளிவைக்கும், மதரஸாவிற்குப் போக மறுக்கும். அதைக் குறும்பென்று எண்ணி நாம் அடிக்கிறோம். இது எத்துணை பெரிய அநீதி!

மலையிறங்குவதற்கு முன்பே, தாய் தன் வாயாலேயே பிள்ளையிடம் பேசிவிடுவது நல்லது. அவளால் இயலாதபோது தந்தை பேசட்டும். நீண்ட பேச்சு வேண்டியதில்லை. நோயின் பெயரைச் சொல்லலாம்: “அம்மாவுக்குக் கேன்சர் என்ற நோய் வந்திருக்கிறது. சளியைப் போல இது ஒட்டாது. நீ செய்த எதனாலும் இது வரவில்லை. மருந்து கொடுக்க மதுரைக்குப் போகிறேன். நான் வரும்வரை சாச்சி உனக்குச் சோறு ஊட்டுவாள், உன்னைத் தூங்க வைப்பாள்.” ஐந்து வயதுப் பிள்ளைக்கு இது போதும். எட்டு, ஒன்பது வயதுடையவன் மேலும் கேட்பான். கேட்பதற்கு மட்டும், உண்மையான விடையைச் சொல்ல வேண்டும்.

இதில் சாச்சியின் பெயரைச் சொல்வது சிறிய செய்தியன்று. நம் நாயகம் (ஸல்) அவர்கள் ஆறு வயதுச் சிறுவராக யத்ரிபிலிருந்து தாயாருடன் திரும்பும் வழியில், அப்வா என்னுமிடத்தில் அன்னை ஆமினா நோயுற்று மறைந்தார்கள். அச்சிறுவரை மக்காவிற்கு அழைத்துச் சென்று பாட்டனாரிடம் சேர்த்தவர், பிறந்தது முதல் அவர்கள் அறிந்திருந்த உம்மு அய்மன் (ரலி) அவர்கள். பிற்காலத்தில் அப்பெண்மணியைத் தாயின் நிலையில் வைத்தே நபியவர்கள் மதித்தார்கள். பிள்ளைக்கு வேண்டியது பழகிய ஒரு கரம். திங்கட்கிழமை பாட்டி வீடு, புதன்கிழமை மாமி வீடு, வெள்ளிக்கிழமை அண்டை வீடு என்று பிள்ளையைப் பந்தாடுவது, உதவி என்ற பெயரில் செய்யும் உபத்திரவமே. இயன்றவரை பிள்ளை தன் வீட்டிலேயே, தன் பாயிலேயே உறங்கட்டும். உதவுபவர் அங்கே வந்து தங்கட்டும்.

தாய் வீடு திரும்பியதும் வேறோர் அச்சம் எழுகிறது: பிள்ளை அவளைத் தொடலாமா? தாராளமாகத் தொடலாம். வெளியிலிருந்து செலுத்தப்படும் கதிர் உடலில் தங்குவதில்லை. அன்றே பிள்ளையை மடியில் வைத்துக்கொள்ளலாம். தைராய்டு புற்றுநோய்க்குக் கதிரியக்க அயோடின் உட்கொண்டவர்களோ, மருத்துவர் குறிக்கும் நாட்கள்வரை சிறுவரிடமிருந்து விலகியிருக்க வேண்டும். கீமோதெரபி பெற்றபின் ஏறத்தாழ இரண்டு நாட்களுக்கு நோயாளியின் வாந்தி, சிறுநீர் பட்ட துணிகளைக் கையுறையிட்டுத் தனியே துவைக்க வேண்டும். அம்மருந்து பெறும் தாய் பாலூட்டக் கூடாது. மார்பகத்தோடு அக்குள் நிணநீர்க் கணுக்களையும் அகற்றியிருந்தால், மருத்துவர் அனுமதிக்கும்வரை அப்பக்கக் கையால் பிள்ளையைத் தூக்கக் கூடாது. அவள் உட்கார்ந்திருக்க, பிள்ளை அருகே வந்து அணைத்துக்கொள்ளட்டும்.

உண்மையில் அஞ்ச வேண்டியது, பிள்ளையிடமிருந்து தாய்க்குத் தொற்றுவதைத்தான். கீமோதெரபிக்குப் பிறகு, பெரும்பாலும் ஒன்று இரண்டு வாரங்களுக்குள், இரத்தத்தின் வெள்ளணுக்கள் மிகக் குறைந்துவிடும். அப்போது பள்ளியிலிருந்து பிள்ளை கொண்டுவரும் சளிகூட அவளை வீழ்த்தலாம். வந்தவுடன் சோப்பிட்டுக் கைகழுவும் பழக்கம் வேண்டும். வீட்டிலோ வகுப்பிலோ யாருக்கேனும் அம்மை கண்டால், அன்றே மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும். போலியோ சொட்டு மருந்தில் உயிருள்ள, வலுக்குறைந்த கிருமி உள்ளது. அது குழந்தையின் மலத்தில் சில வாரங்கள் வெளிப்படும். ஆகவே சொட்டு மருந்துக்கு முன் தாயின் சிகிச்சையை மருத்துவரிடம் கூறி ஆலோசனை கேளுங்கள். கொடுத்துவிட்டால், குழந்தையைக் கழுவிவிடும் வேலையை வேறொருவர் ஏற்கட்டும். தாய்க்கு 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல் கண்டால், ‘காலை வரை பார்ப்போம்’ என்று இருந்துவிடாதீர்கள். மருத்துவமனை மலைக்குக் கீழே இருப்பவர்களுக்கு அந்த ஓர் இரவு மிக நீண்டது. வாகன ஓட்டுநர் ஒருவரின் எண்ணை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்வது அறிவுடைமை.

முதல் கீமோதெரபியிலிருந்து இரண்டு மூன்று வாரங்களில், பல மருந்துகளால் முடி உதிரும். நம் பெண்கள் வெளியே தலையை மறைத்திருப்பதால் ஊருக்குத் தெரியாது. வீட்டுக்குள் பிள்ளைக்குத் தெரியும். உதிரும் முன்பே சொல்லிவிட்டால் அது அஞ்சாது. முடி மீண்டும் வளரும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

நலம் விசாரிக்க வருவோரைப் பற்றியும் ஒரு வார்த்தை. ‘என்ன பாவம் செய்தாளோ’ என்று பிள்ளையின் காதுபடப் பேசும் நாக்குகள் நம்மிடையே உண்டு. நீண்ட நோயில் வாடிய அய்யூப் (அலை) அவர்கள் இறைத்தூதர் என்பதை இவர்கள் மறந்துவிட்டார்களா? டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1923 இல் தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தார். அவர் விதியை நொந்துகொண்டு அமர்ந்துவிடவில்லை. 1954 இல் அடையாறில் 12 படுக்கைகளுடன் புற்றுநோய் மருத்துவமனை தொடங்கக் காரணமாக இருந்தார். தென்னகத்தில் இந்நோய்க்கென்றே எழுந்த முதல் மருத்துவமனை அது.

ஜமாஅத் நிர்வாகிகளுக்கும் இதில் வேலை இருக்கிறது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் தகுதியுள்ள குடும்பங்களின் சிகிச்சைச் செலவைத் தாங்குகிறது. புற்றுநோயாளிக்கும் துணைக்குச் செல்பவருக்கும் இரயில் கட்டணச் சலுகை உண்டு. இவற்றுக்கான தாள்களை எழுதிக் கொடுக்க ஓர் இளைஞர் போதும். ஆனால் மதுரையில் தங்கும் வாடகையும், கூலி வேலையை விட்டுத் துணையிருக்கும் கணவரின் இழந்த ஊதியமும் இவற்றில் அடங்கா. ஸகாத், ஸதகா நிதியிலிருந்து இதற்கு ஒதுக்குவது குறித்து உங்கள் ஊர் ஆலிம்களிடம் கேளுங்கள். ரமளானில் சிகிச்சை பெறுபவரை நோன்பு நோற்கும்படி நெருக்காதீர்கள். நோயாளிக்கு மார்க்கமே சலுகை அளித்துள்ளது; குணமடைந்தபின் களாச் செய்யலாம், அதற்கும் வழியில்லாதவருக்கு ஃபித்யா இருக்கிறது.

நோய் குணமாகாது என்று மருத்துவர் கூறிவிடும் குடும்பங்களும் உண்டு. அங்கும் பிள்ளையை அப்புறப்படுத்தி விடாதீர்கள். “அம்மா சாகப் போகிறாளா?” என்று அது கேட்டால், ‘அப்படிப் பேசாதே’ என்று வாயைப் பொத்தாமல், அருகில் இருத்தி, “மருந்து இப்போது வேலை செய்யவில்லை, அம்மா இறந்துவிடலாம். உன்னைத் தனியாக விடமாட்டோம், அத்தாவும் சாச்சியும் உன்னோடு இருப்போம்” என்று சொல்லுங்கள். ‘தூங்கிவிட்டாள்’ என்ற சொல்லைத் தவிருங்கள். அதைக் கேட்ட பிள்ளை பிறகு உறங்கவே அஞ்சும். பிள்ளை அழுதால் அழட்டும். தம் மகன் இப்ராஹீமின் மறைவில் நபி (ஸல்) அவர்களின் கண்களும் கண்ணீர் சிந்தின.