பீஷ்மர் பறந்து வந்த ஞாயிற்றுக்கிழமை

அது 2000-ஆம் வருஷம். மதுரை செல்லூரில் ஏழெட்டுக் குடித்தனங்கள் உள்ள ஒரு வளவில் குடியிருந்தோம். ஞாயிற்றுக்கிழமை பகல் பன்னிரண்டு மணி ஆனால் போதும், வளவுப் பிள்ளைகள் அத்தனை பேரும் எங்கள் வீட்டு டி.வி. முன்னால் சப்பணம் போட்டு உட்கார்ந்துவிடுவார்கள். தூர்தர்ஷனில் ‘சக்திமான்’! எனக்கு இந்தியில் ஓர் எழுத்துத் தெரியாது. பிள்ளைகளுக்கோ எப்படியோ கதை முழுக்கப் புரிந்தது.

ஒருநாள் கறிக்குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. கழுத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு என் ஏழு வயது மகன் வந்தான்.

“அம்மா, நான் மொட்டமாடியிலேர்ந்து குதிச்சா சக்திமான் வந்து புடிச்சுக்குவாருல்ல?”

என் கையிலிருந்த கரண்டி நழுவிவிட்டது. “யாருடா சொன்னா?”

“யாரும் சொல்லல. எனக்கே தோணுச்சு.”

அடிக்கக் கை ஓங்கியது உண்மைதான். ஆனால் அடித்தால், அடுத்த முறை கேட்காமலே ஏறிவிடுவானே! அடுப்பை அணைத்துவிட்டு அவனைப் பக்கத்தில் உட்கார வைத்தேன்.

“மகாபாரதத்துல வெள்ளைத் தாடியோட வந்த பீஷ்மர்தாண்டா இவரு. நடிக்கிறவரு. கயிறு கட்டித் தொங்கவிட்டுத்தான் படம் புடிக்கிறாங்க.”

“அப்ப அவரு பொய்யாம்மா?”

“அவரு நெசம். பறக்குறதுதான் பொய்.”

வாயை மூடிக்கொண்டு யோசித்தான். அன்றிலிருந்து அவனுக்காகவே அந்த நடிகர்களைப் பற்றிப் படித்துத் தெரிந்துகொள்ள ஆரம்பித்தேன். வேடத்துக்குப் பின்னால் ஒரு மனிதர் இருக்கிறார் என்று பிள்ளைக்குக் காட்ட வேண்டுமல்லவா?

சக்திமானாக நடித்த முகேஷ் கன்னா பூனா திரைப்படக் கல்லூரியில் நடிப்புப் பயின்றவர். கதாநாயகனாக நடித்த ஆரம்பகாலப் படங்கள் அவருக்குக் கைகொடுக்கவில்லை. 1988-இல் தொடங்கிய பி.ஆர். சோப்ராவின் ‘மகாபாரத’த்தில் பீஷ்மராக வந்த பிறகுதான் வீட்டுக்கு வீடு அவரைத் தெரிந்தது. அந்தப் பெயரை மறக்காமல் ‘பீஷ்ம் இன்டர்நேஷனல்’ என்று சொந்த நிறுவனம் வைத்து, 1997 செப்டம்பரில் ‘சக்திமா’னைத் தொடங்கினார். இயக்கியவர் தினகர் ஜானி. 2005 மார்ச் வரை ஓடியது.

அதில் ஒரு வேடிக்கை. இருளின் அரசன் கில்விஷாக வந்த சுரேந்திர பால் யார் தெரியுமோ? அதே மகாபாரதத்தின் துரோணர்! ஒரே சபையில் உட்கார்ந்திருந்த பீஷ்மரும் துரோணரும் இங்கே ஜென்ம விரோதிகள். பத்திரிகை நிருபர் கீதாவாக முதலில் கிட்டு கித்வானி நடித்தார். பிறகு வைஷ்ணவி மஹந்த் வந்தார். டாக்டர் ஜாக்கலாக வந்த லலித் பரிமூ, 2014-இல் ‘ஹைதர்’ படத்தில் நடித்தார். குருவாக வந்த டாம் ஆல்டர் முசௌரியில் பிறந்த அமெரிக்க வம்சாவளியினர். 2008-இல் பத்மஸ்ரீ பெற்றார், 2017-இல் காலமானார்.

இதற்கு முன்பே 1980-களில் ஜப்பானின் ‘ஜெயண்ட் ரோபோ’ தூர்தர்ஷனில் வந்தது சில சகோதரிகளுக்கு நினைவிருக்கலாம். அங்கே 1967-68-இல் எடுத்த தொடர் அது. மூலக்கதையை வரைந்தவர் மிட்சுதேரு யோகோயாமா. கடைசியில் அந்த இரும்பு ரோபோ, எல்லோரையும் காப்பாற்றத் தன்னையே பலிகொடுக்கும். கைக்கடிகாரத்தில் பேசி அதை ஏவிய சிறுவனாக நடித்த மிட்சுனொபு கனெகோ, நாற்பது வயதைத் தொடாமலே 1997-இல் இறந்துபோனார். திரையில் உலகத்தைக் காப்பாற்றியவர்களும் நம்மைப் போன்ற மனிதர்கள்தாம்.

சக்திமானைப் பார்த்துப் பிள்ளைகள் ஆபத்தில் மாட்டிக்கொண்டதாக அந்த நாளில் பத்திரிகைகளில் செய்திகள் வந்தன. அவை எல்லாம் உண்மையா என்பதில் சர்ச்சை உண்டு. ஆனால் முகேஷ் கன்னாவே தொடரின் முடிவில் தோன்றிப் பிள்ளைகளுக்குச் சின்னச் சின்னப் புத்திமதிகள் சொன்னார். தன்னைப் போல் செய்து பார்க்கக் கூடாது என்றும் எச்சரித்தார். பிற்காலத்தில் இந்தியக் குழந்தைகள் திரைப்படச் சங்கத்தின் தலைவராகவும் இருந்து, 2018-இல் விலகினார்.

சகோதரிகளே, பிள்ளை ஆசையாகப் பார்ப்பதைப் பிடுங்காதீர்கள். கூட உட்காருங்கள். “இது எப்படி எடுத்திருப்பாங்க?” என்று கேளுங்கள். மொட்டை மாடிக் கதவுக்குப் பூட்டும் போடுங்கள். இரண்டும் வேண்டும்!

2020 ஊரடங்கில் சக்திமான் மறுபடி ஒளிபரப்பானபோது மகனும் நானும் சேர்ந்து பார்த்துச் சிரித்தோம். சென்ற மாதம் திருமங்கலத்தில் அவன் வீட்டுக்குப் போயிருந்தேன். செல்போனில் யாரோ பறப்பதைப் பார்த்துவிட்டுப் பேத்தி கேட்டாள், “அப்பா, இவங்க பொய்யா?”

அடுப்படியில் இருந்த என் காதில் மகனின் பதில் விழுந்தது: “அவங்க நெசம் பாப்பா. பறக்குறதுதான் பொய்.”