மனம் தேற சனம் வேண்டும்

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி என்றால் தொழிற்பேட்டையும் டாங்கி தொழிற்சாலையும் புதிதாக எழும் மெட்ரோ தூண்களும்தான் நினைவுக்கு வரும். இதே ஆவடியில் நரிக்குறவர் குடியிருப்பு இருக்கிறது. இங்கிருந்து செங்குன்றம், திருவள்ளூர் பக்கம் போனால் ஏரிக்கரைகளிலும் ஓடைப் புறம்போக்குகளிலும் இருளர் குடிசைகளைப் பார்க்கலாம். 2011 கணக்கெடுப்பின்படி தமிழகத்தில் இருளர் சுமார் 1.9 லட்சம் பேர். இவர்களைப் பற்றிய பேச்சு எப்போதும் பட்டா, சாதிச் சான்றிதழ், ரேஷன் அட்டை என்ற அளவில் நின்றுவிடுகிறது. அவர்கள் மனம் படும் பாட்டை யாரும் விசாரிப்பதில்லை. எப்போதாவது விசாரித்தாலும், வெளியிலிருந்து ஓர் ஆலோசகரை ஒருநாள் அழைத்து வருவதோடு கடமை தீர்ந்துவிடுகிறது. இந்தக் குடும்பங்களின் மனநலத்தை அவர்கள் சனமே முன்னின்று பார்த்துக்கொள்ள வேண்டும், மருத்துவரும் அரசும் அதற்குத் துணையாக நிற்க வேண்டும் என்பதே என் வாதம்.

கொத்தடிமை முறையை எடுத்துக்கொள்வோம். அதை ஒழிக்கும் சட்டம் 1976-லேயே வந்துவிட்டது. ஆனாலும் செங்கல் சூளைகளிலிருந்தும் அரிசி ஆலைகளிலிருந்தும் மரம் வெட்டும் இடங்களிலிருந்தும் இன்றுவரை மீட்கப்படுகிறவர்களில் இருளர் ஏராளம். சில ஆயிரம் ரூபாய் முன்பணம், அதற்குக் குடும்பமே அடகு. புருஷனும் பெண்டாட்டியும் விடியுமுன் எழுந்து சேறு குழைத்துக் கல் அறுப்பார்கள், பிள்ளைகள் காயும் கல்லைத் திருப்பிப் போடுவார்கள். சொந்தத்தில் சாவு என்றால்கூட ஒருவரைப் பிணையாக வைத்துவிட்டுத்தான் மற்றவர் போக முடியும். கோட்டாட்சியர் வந்து விடுதலைச் சான்றிதழ் கொடுத்த பிறகும் இந்தப் பயம் உடம்பைவிட்டுப் போவதில்லை. மீட்கப்பட்டவருக்கு உடனடி உதவியாக ரூ.30,000 வரை தர மத்திய அரசின் திட்டம் இருக்கிறது. மீதித் தொகை வழக்கின் தீர்ப்பைப் பொறுத்தது. காத்திருக்கும் அந்தக் காலத்தில், வெளியே வண்டிச் சத்தம் கேட்டாலே முதலாளியின் ஆள் வந்துவிட்டானோ என்று வயிறு கலங்கும். இது மாத்திரைக்குக் கட்டுப்படும் கலக்கம் மட்டுமல்ல. “நானும் அந்தச் சூளையில் கிடந்தவன்தான், இதோ நிற்கிறேன் பார்” என்று சொல்ல எதிரே ஓர் ஆள் வேண்டும். திருவள்ளூர், காஞ்சிபுரம், வேலூர் பக்கங்களில் மீண்டவர்களே சேர்ந்து அமைத்திருக்கும் சங்கங்கள் அந்த இடத்தை நிரப்புகின்றன. வங்கிக் கணக்குத் தொடங்க, தாலுகா அலுவலகத்துக்கு, கோர்ட்டுக்கு என்று கூடவே போகிறார்கள். அந்தத் துணையே பாதி மருந்து.

மனநலம் என்பது ஒரு தனி மனிதரின் தலைக்குள் மட்டும் இருப்பது என்று நினைத்தால் இதெல்லாம் புரியாது. அது அப்படியல்ல என்று ஆஸ்திரேலியப் பூர்வகுடிகள் நெடுங்காலமாகச் சொல்லி வருகிறார்கள். சிட்னியின் ரெட்ஃபெர்ன் பகுதியில் 1971-லேயே தங்கள் சொந்த மருத்துவ நிலையத்தைத் தொடங்கியவர்கள் அவர்கள். உடல், மனம், குடும்பம், சமூகம், பண்பாடு, பிறந்த மண், முன்னோர் என்று ஏழு பிணைப்புகளைச் சேர்த்தே அவர்கள் நலத்தைக் கணிக்கிறார்கள். நம் இருளருக்கு இதைப் பாடம் நடத்தத் தேவையில்லை. மாசி மகத்துக்கு மாமல்லபுரம் கடற்கரைக்குப் போய்ப் பாருங்கள். பல மாவட்டங்களிலிருந்து வந்த குடும்பங்கள் குச்சி நட்டு, பழைய புடவைகளைச் சுற்றிக் கட்டிக் கூடாரம் போட்டிருக்கும். விடியற்காலையில் மணலில் ஏழு படி கட்டிக் கன்னியம்மாவைக் கும்பிடுவார்கள். அங்கேயே பெண் பார்ப்பது, அங்கேயே தாலி கட்டுவது, பழைய சண்டையைப் பேசித் தீர்ப்பது, மொட்டை அடிப்பது, காது குத்துவது எல்லாம் நடக்கும். சிதறிக் கிடக்கும் சனம் ஆண்டுக்கொரு முறை தன்னைத்தானே எண்ணிப் பார்த்துக்கொள்ளும் இடம் அது. முன்பணத்துக்குப் பிணையாகக் கிடக்கும் குடும்பத்துக்கு அந்தக் கடற்கரையும் இல்லாமல் போகிறது. அந்த இழப்பை எந்த மனநல விசாரணைப் படிவம் கேட்கிறது?

ஆதாரம் எங்கே என்று கேட்பவர்கள் கனடாவைப் பார்க்கலாம். பிரிட்டிஷ் கொலம்பியா மாநிலத்தின் ஏறக்குறைய 200 பூர்வகுடிச் சமூகங்களைச் சாண்ட்லர், லலோண்ட் என்ற இரு ஆய்வாளர்கள் அலசி, 1998-ல் முடிவை வெளியிட்டார்கள். அங்கே பூர்வகுடி இளைஞர் தற்கொலை பொதுச் சராசரியைவிடப் பல மடங்கு அதிகம். ஆனால் பாதிக்கும் மேற்பட்ட சமூகங்களில், ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட ஆண்டுகளில் ஓர் இளைஞர்கூடத் தற்கொலை செய்துகொள்ளவில்லை. நில உரிமை, தன்னாட்சி, பள்ளி, மருத்துவம் போன்றவை எங்கே அவர்கள் கையில் இருந்தனவோ, அங்கே சாவு குறைந்திருந்தது. இது தொடர்பைக் காட்டும் ஆய்வுதான், காரணத்தை நிறுவிவிட்டதாகச் சொல்ல முடியாது. ஆனால் நம் நீலகிரியிலும் இதே திசையில் ஒரு சான்று இருக்கிறது. கூடலூரில் 1980-களின் கடைசியில் ஆதிவாசிகள் தங்கள் நிலத்துக்காகச் சங்கமாகத் திரண்டார்கள். அந்தத் திரட்சியிலிருந்துதான் அஸ்வினி என்ற சுகாதார அமைப்பும் கூடலூர் ஆதிவாசி மருத்துவமனையும் எழுந்தன. பணியர், குறும்பர் பெண்கள் அங்கே செவிலியர் ஆனார்கள். உரிமை முதலில், சிகிச்சை பிறகு என்பதல்ல, இரண்டும் ஒன்றாக வளர்ந்தன. திருவள்ளூர் மாவட்டம் மெய்யூரில் மீட்கப்பட்டவர்களே மாவட்ட நிர்வாகத்தின் துணையோடு ‘சிறகு’ என்ற பெயரில் செங்கல் சூளை நடத்த முன்வந்ததையும் நான் இந்தக் கணக்கில்தான் சேர்ப்பேன். தன்னை அடிமையாக்கிய தொழிலையே தன் கையில் எடுத்துக்கொள்வது சாதாரண விஷயமா?

படிக்காதவர்கள் கையில் மன நோய்ச் சிகிச்சையைக் கொடுக்கலாமா என்று ஒரு கேள்வி வரும். கோவாவில் இதைச் சோதித்தே பார்த்துவிட்டார்கள். மனநல மருத்துவத்தில் எந்தப் பின்னணியும் இல்லாத உள்ளூர்க்காரர்களுக்குப் பயிற்சி தந்து, கடுமையான மனச்சோர்வு உள்ளவர்களுடன் 6 முதல் 8 முறை உட்கார்ந்து பேச வைத்தார்கள். 2017-ல் லான்செட் இதழில் வந்த முடிவின்படி, மூன்று மாதத்தில் அப்படி உதவி பெற்றவர்களில் 64 சதவீதம் பேர் தேறினார்கள். வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் அது 39 சதவீதம். மனச்சிதைவுக்கும் தற்கொலை எண்ணத்துக்கும் மருத்துவர் வேண்டும், அதில் மறுபேச்சு இல்லை. ஆனால் ஆளைத் தட்டிக் கொடுத்துக் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனைவரை கூட்டிப் போவதற்கும், வீட்டில் வாக்ரிபோலி பேசும் நரிக்குறவக் கிழவியின் சொல்லை மருத்துவரிடம் எடுத்துச் சொல்வதற்கும் அவர்களில் ஒருவர்தான் வேண்டும்.

அந்தச் சனத்துக்குள்ளேயே குடி, இளவயதுக் கல்யாணம், ஆண்கள் மட்டும் பேசும் பஞ்சாயத்து எல்லாம் இருக்கிறதே என்பது இன்னும் கனமான ஆட்சேபம். இருக்கிறது. அதனால்தான் பெரியவர்கள் கையில் மட்டும் இதை விட்டுவிடக் கூடாது, பெண்களும் படிக்கும் பிள்ளைகளும் முன்னால் வர வேண்டும். ஆவடியில் அது நடந்தும் இருக்கிறது. நரிக்குறவப் பள்ளி மாணவிகள் காணொளியில் தங்கள் நிலையை வாய்விட்டுச் சொன்னார்கள். 2022 ஏப்ரல் 15 அன்று முதலமைச்சர் அவர்கள் குடியிருப்புக்கே வந்தார். நாடாளுமன்றம் நரிக்குறவர்களைப் பழங்குடிப் பட்டியலில் சேர்த்ததும் அதே ஆண்டு டிசம்பரில்தான். அந்தப் பட்டியலை ஆராய அரசு அமைத்த லோகூர் குழு 1965-லேயே இதைப் பரிந்துரைத்தும், நிறைவேற அத்தனை ஆண்டுகள் பிடித்தன.

எல்லாவற்றையும் அவர்கள் தலையில் கட்டிவிட்டு அரசு நழுவிவிடும் என்ற அச்சமும் நியாயமானது. அதைத் தடுக்க ஒரே வழி சம்பளம்தான். மக்களைத் தேடி மருத்துவம் 2021 முதல் வீட்டு வாசலுக்கு வருகிறது. மாவட்ட மனநலத் திட்டமும் இருக்கிறது. ஆவடி, பூந்தமல்லி, திருவள்ளூர் வட்டாரங்களில் இவற்றுக்கு ஆள் எடுக்கும்போது, இருளர் குடியிருப்பிலிருந்து ஒரு பெண்ணையும் நரிக்குறவர் குடியிருப்பிலிருந்து ஒரு பெண்ணையும் எடுத்து, பயிற்சியும் மாதச் சம்பளமும் தந்து, தங்கள் தெருவையே அவர்கள் பொறுப்பில் விடலாம். பத்தாம் வகுப்புச் சான்றிதழ் கேட்டு அவர்களைத் திருப்பி அனுப்பக் கூடாது.