இன்டர்வியூவுக்கு என்ன உடுத்துவது? தென்காசிப் பிள்ளைகளுக்குக் கொஞ்சம் யோசனை

தென்காசியில் வேலை தேடும் பையன்களிடம் இன்டர்வியூ உடை பற்றிப் பேச்செடுத்தால் உடனே ஒரு பதில் வரும்: "ஸ்ரீதர் வேம்புவே வேட்டிதான கட்டுதாரு!" உண்மைதான். அவருடைய மென்பொருள் நிறுவனமான சோஹோ 2011-இல் தென்காசிப் பக்கம் அலுவலகம் திறந்தது. வேம்பு 2019 முதல் தென்காசிக்குப் பக்கத்திலுள்ள மத்தளம்பாறையில் குடியிருக்கிறார். வேட்டி சட்டையில் அவர் சைக்கிள் மிதிக்கும் படத்தைப் பார்க்காதவர்கள் குறைவு. ஆனால் அவர் வேலை கொடுக்கிற இடத்தில் இருப்பவர், நீங்கள் கேட்டுப் போகிறவர். அவரை ஊருக்கே தெரியும். உங்களைப் பற்றி மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்குத் தெரிந்தது ஒரு பயோடேட்டா மட்டும்தான்.

அதற்காகக் கோட்டு சூட்டு வாங்கச் சொல்லவில்லை. மென்பொருள் நிறுவனத்துக்கு வெளிர் நிறத்தில் முழுக்கைச் சட்டை, அடர்நிறப் பேன்ட், மூடிய ஷூ போதும். உள்ளே எல்லாரும் டி-ஷர்ட்டில் உட்கார்ந்திருப்பார்கள், இருக்கட்டும். முதல் நாள் நீங்கள் காலர் வைத்த சட்டையில் போனால் யாரும் குறை சொல்லப் போவதில்லை. ஜவுளிக்கடை, நகைக்கடை, வங்கி, ஆஸ்பத்திரி என்று எங்கே போவதானாலும் ஒரு வேலை செய்யுங்கள்: இரண்டு நாள் முன்னால் அந்த வாசலில் பத்து நிமிஷம் நின்று, உள்ளே போகிறவர்கள் என்ன உடுத்தியிருக்கிறார்கள் என்று பாருங்கள். இணையத்தில் தேடிக் கிடைப்பதைவிட அது நம்பகமானது.

பள்ளிக்கூட வேலை கொஞ்சம் தனி ரகம். மெட்ரிக் பள்ளிகளில் டீச்சர் வேலைக்குப் பெரும்பாலும் சேலை எதிர்பார்ப்பார்கள், டெமோ கிளாஸும் எடுக்கச் சொல்வார்கள். அங்கேதான் சிக்கல். உட்கார்ந்து பதில் சொல்லும்போது ஒழுங்காக இருக்கிற உடை, போர்டின் மேல்கோட்டில் எழுதக் கையைத் தூக்கியதும் இடம் மாறும். பிளவுஸின் கை இறுக்கும், முந்தானை நழுவும், ஒரு கையில் சாக்பீஸும் மறுகையில் முந்தானையுமாக நிற்க வேண்டி வரும். முதல் நாளே வீட்டுச் சுவரில் தலைக்கு மேலே எட்டி எழுதிப் பாருங்கள். தோளில் பின் எங்கே குத்த வேண்டும் என்பது அப்போது தெரிந்துவிடும். சுடிதாரின் துப்பட்டாவுக்கும் இதே கதைதான், இரண்டு பக்கமும் பின் வேண்டும். பையன்களும் கையைத் தூக்கிப் பார்க்கலாம். இன் பண்ணிய சட்டை வெளியே வந்தால் நீளம் போதவில்லை என்று அர்த்தம். உட்கார்ந்ததும் வயிற்றுப் பக்கம் பட்டன்களுக்கு நடுவே வாய் பிளந்தால் அந்தச் சட்டையைத் தம்பிக்குக் கொடுத்துவிடுங்கள்.

அரசு அலுவலகம் என்றால் எதைக் கண்ணியமான உடையாகக் கருதுகிறார்கள் என்பதற்கு எழுத்திலேயே ஒரு குறிப்பு இருக்கிறது. தமிழ்நாடு அரசு 2019-இல் தலைமைச் செயலக ஊழியர்களுக்கு வெளியிட்ட உடை ஆணை, பெண்களுக்குச் சேலை, சல்வார் கமீஸ், துப்பட்டாவோடு சுடிதார் என்றும், ஆண்களுக்குச் சட்டையோடு ஃபார்மல் பேன்ட் அல்லது வேட்டி என்றும் சொன்னது. வேலையில் இருப்பவர்களுக்கான ஆணைதான், விண்ணப்பதாரருக்கு அல்ல. ஆனாலும் டி.என்.பி.எஸ்.சி. குரூப் 1 நேர்முகத் தேர்வுக்குப் போகிறவர் இந்த வரம்புக்குள் நின்றால் பிழை வராது.

ஆக, வேட்டிக்கு அரசாங்கமே இடம் கொடுத்திருக்கிறது. அந்த ஆணைக்கும் முன்பே, 2014 ஜூலையில், வேட்டி கட்டியிருந்த உயர்நீதிமன்ற நீதிபதி டி. ஹரிபரந்தாமனைச் சென்னையில் கிரிக்கெட் சங்கத்தின் கிளப்பில் உள்ளே விடவில்லை. சட்டசபை வரை அது எதிரொலித்து, அடுத்த மாதமே வேட்டியைக் காரணம் காட்டித் தடுப்பதற்கு எதிராகச் சட்டம் வந்தது. ஆனால் அது பொது இடங்களுக்குள் நுழைவதைப் பற்றிய சட்டம். வேட்டி கட்டி வந்தவருக்கு வேலை கொடு என்று அதில் இல்லை. என் அபிப்பிராயம்: தினமும் வேட்டி கட்டுகிறவர் தாராளமாகக் கட்டிப் போகலாம். அன்றைக்கென்று கட்டுகிறவர் வேண்டாம். வேட்டியைப் பிடிப்பதா ஃபைலைப் பிடிப்பதா என்று கை தடுமாறும். ஹிஜாப், விபூதி, குங்குமம் எல்லாம் நீங்கள் அன்றாடம் எப்படியோ அப்படியே இருக்கட்டும்.

இதுவரை சொன்னது எந்த ஊருக்கும் பொருந்தும். தென்காசிக்காரருக்கு உண்மையான சோதனை வழியில்தான் இருக்கிறது. ஜூன் மாதம் தென்மேற்குப் பருவக்காற்றோடு சாரல் தொடங்கினால் செப்டம்பர் வரை நம்ப முடியாது. குடை தலையைக் காக்கும், தோளைக் காக்காது. நனைந்தால் சாம்பல் நிறச் சட்டையில் திட்டுத் திட்டாக ஈரம் தெரியும், வெளிர் நீலமும் அப்படித்தான். வெள்ளையில் திட்டு தெரியாது, ஆனால் உடம்போடு ஒட்டி உள்ளே இருப்பதைக் காட்டும். அடியில் பனியன் கட்டாயம். இந்தச் சாரல் சீசனில் அடர்நீலம்தான் புத்திசாலித்தனம். ஒரே எச்சரிக்கை: காசி விஸ்வநாதர் கோயிலுக்குப் போய்க் கும்பிட்டுவிட்டு இன்டர்வியூவுக்குக் கிளம்புவது இங்கே பலருக்கு வழக்கம். அடர்நீலத்தில் விபூதி விழுந்தால் பளிச்சென்று தெரியும், தட்டத் தட்டப் பரவும். கோயிலுக்குப் போய்வந்த பிறகு சட்டையை மாற்றுங்கள்.

பஸ்ஸும் ஒரு வில்லன். குற்றாலத்துக்கும் தென்காசிக்கும் நடுவே சுமார் ஐந்து கிலோமீட்டர்தான். ஆனால் சீசன் நேரத்தில் அருவியில் குளித்தவர்கள் ஈரத் துண்டோடு ஏறுவார்கள், எண்ணெய் மசாஜ் முடித்தவர்களும் அதே சீட்டில்தான் சாய்ந்திருப்பார்கள். சீட்டில் ஈரம், கம்பியில் எண்ணெய். அந்த வழியாக வருகிறவர் ஒரு பழைய சட்டையில் வந்து, இறங்கிய பிறகு மாற்றிக்கொள்வதே மேல். ஷூவையும் பையில் போட்டுக்கொண்டு செருப்போடு கிளம்புங்கள். லெதர் ஷூ ஒருமுறை ஊறினால் உள்ளே செய்தித்தாளைத் திணித்து வைத்தாலும் ஒரே ராத்திரியில் காயாது.

சென்னையில் இன்டர்வியூ என்றால் ரயில்தான், பொதிகை எக்ஸ்பிரஸோ சிலம்பு எக்ஸ்பிரஸோ. சாயங்காலம் ஏறி விடிந்ததும் இறங்கி நேராகப் போகிறவர்கள் நிறையப் பேர். போட்டிருக்கும் சட்டையோடு பெர்த்தில் படுத்து எழுந்தால் முதுகில் விழும் மடிப்பைக் கையால் நீவி எடுக்க முடியாது. தேய்க்கிற கடையில் கொடுத்து, மடிக்காமல் ஹேங்கரில் வாங்கி, ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு, ரயில் பெட்டிக் கொக்கியில் மாட்டிக்கொண்டு போகலாம். மடித்தே ஆக வேண்டுமானால் ஒரு பழைய டி-ஷர்ட்டை நடுவே வைத்துச் சுருட்டுங்கள், கோடு விழுவது குறையும். இறங்கியதும் ஸ்டேஷன் வெயிட்டிங் ஹாலில் குளித்து, சாப்பிட்டு, கடைசியில்தான் சட்டை. சாம்பார் சிந்தினால் பழைய சட்டையோடு போகட்டும்.

செலவுக்குப் பயப்பட வேண்டாம். புதிதாக வாங்குவதைவிட, இருப்பதில் நல்லதை டெய்லரிடம் கொடுத்துப் பேன்ட் நீளத்தைச் சரிசெய்வது மலிவு. வாங்கினாலும் ஒருமுறை துவைத்துவிட்டுப் போடுங்கள். அட்டைப்பெட்டி மடிப்போடு போடும் சட்டை கடையைத்தான் ஞாபகப்படுத்தும். புது ஷூவை நான்கு நாள் வீட்டுக்குள் போட்டு நடந்து பழகுங்கள், இல்லாவிட்டால் குதிகால் புண்ணோடு உள்ளே நொண்டிப் போக வேண்டியதாகும். அண்ணன் சட்டை, மாமா பெல்ட் என்று இரவல் வாங்குவதிலும் கேவலம் ஒன்றுமில்லை, அளவு சரியாக இருந்தால் சரி.

வீடியோ இன்டர்வியூவில் பொடிக் கோடு போட்ட சட்டை வேண்டாம், கேமராவில் அலையடிக்கும். மேலே சட்டை, கீழே கைலி என்று உட்காருவதும் வேண்டாம். சான்றிதழை எடுத்துக் காட்டச் சொன்னால் எழுந்துதான் ஆக வேண்டும்.

கடைசியாக, இன்டர்வியூ வைக்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். என்ன உடையில் வர வேண்டும் என்று அழைப்பிலேயே ஒரு வரி எழுதிவிடுங்கள். சீசன் மாதங்களில் கூப்பிட்டால், வருகிற பிள்ளைகள் உடை மாற்றிக்கொள்ள ஒரு அறையும் ஒரு கண்ணாடியும் வாசல் பக்கம் ஏற்பாடு செய்யுங்கள். பெரிய செலவில்லை.