சார்ஜாவில் சாவி வாங்கும் முன்

விசைத்தறிக்கு விடுமுறை விட்டு, சோமனூரிலிருந்து கோவை வழியாக சார்ஜா போகும் குடும்பங்கள் அங்கே வாடகைக் கார் எடுப்பதென்றால், பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியை ஊரிலேயே வாங்கிவிட வேண்டும். 1949 ஜெனீவா உடன்படிக்கையின்படி வட்டாரப் போக்குவரத்து அலுவலகம் தருவது இது. கட்டணம் 1,000 ரூபாய், அதிகபட்சம் ஓராண்டு செல்லும். ‘லைசென்ஸ் அட்டையில்தான் ஆங்கிலம் இருக்கிறதே, இது எதற்கு?’ என்று கேட்பவர்கள் உண்டு. சில நாடுகளுக்கு அந்த வாதம் சரி. அமீரகத்திலோ சுற்றுலா விசாவில் போகும் இந்தியர் ஓட்ட இந்த அனுமதி வேண்டும். அது இல்லாமல் விபத்து நேர்ந்தால் இன்சூரன்ஸ் கைவிரிக்கும், பழுதுச் செலவு நம் தலையில் விழும். அந்தத் தொகைக்கு முன் ஆயிரம் ரூபாய் பெரிதா என்ன? பிணைத்தொகைக்குக் கிரெடிட் கார்டு கேட்பார்கள். டெபிட் கார்டைப் பல நிறுவனங்கள் ஏற்பதில்லை. இன்னொன்று, அங்கே சாலையில் வலப்பக்கம்தான் ஓட்ட வேண்டும்.